குலுங்காத ரத்தமும் மடங்காத சைக்கிளும்

வீடு வீடாப் போய் ரத்தம் எடுக்கிற தொழில்ல ஊசி குத்துறது ரொம்பச் சின்ன வேலை. வெறும் வயித்தோட டீக்காகத் தவிச்சுக்கிட்டு இருக்கிறவங்க மூஞ்சியில காலங்காத்தால முழிக்கிறதுதான் பெரிய வேலை. தண்ணி கேன் போடுறவங்க, கேஸ் சிலிண்டர் தூக்குறவங்க, மீட்டர் பாக்க வர்றவங்க, உங்களுக்கெல்லாம் இதை நான் விளக்க வேண்டியதில்ல. நம்ம ஜாதகமே ஒண்ணுதான். கதவு திறந்ததும் "வாங்க"ன்னு யாரும் சொல்றதில்ல, "ஏன் லேட்டு"ன்னுதான் கேக்குறாங்க.

எங்க லேப் தண்டையார்பேட்டையில. எனக்குக் குடுத்த ஏரியா திருவொற்றியூர்ல ஆரம்பிச்சு எர்ணாவூர், எண்ணூர் வரைக்கும். அந்த ரோட்டை மனுஷங்களுக்காகவா போட்டாங்க? கண்டெய்னர் லாரிக்காகப் போட்டாங்க. ஹார்பர் கேட்ல யாராவது தும்மினா போதும், எண்ணூர் வரைக்கும் லாரி வரிசை கட்டி நிக்கும். ஷேர் ஆட்டோ அதுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கும். மெட்ரோ விம்கோ நகரோட சரி. ரயில் உண்டு, ஆனா ஸ்டேஷன் ஒரு மூலை, என் ஆளுங்க வீடு இன்னொரு மூலை.

லேப் இன்சார்ஜ் மேடம் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, சிரிச்ச முகமாவே சொன்னாங்க. சாம்பிள் லேட்டா வருது, கம்ப்ளெயிண்ட் வருது, இப்படியே போனா எண்ணூர் பக்கத்தை பைக் வச்சிருக்கிற வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னாங்க. எண்ணூர் பக்கம் போச்சுன்னா என் வருமானத்துல பாதிக்கு மேல போச்சு. வீட்ல இருக்கிற ஒரே பைக்கை வீட்டுக்காரர் மணலிக்கு வேலைக்கு எடுத்துக்கிட்டுப் போயிடுவார். ஸ்கூட்டி வாங்க வக்கில்ல. சரி, சைக்கிள்தான்னு முடிவு பண்ணேன். அதுலயும் மடக்குற சைக்கிள். எங்க ஏரியாவுல வெளிய நிறுத்தின சைக்கிள், திரும்பி வந்து பாத்தா இருக்காது. மடக்குற வண்டின்னா ரயில்லயும் ஏத்தலாம், ஆளுங்க வீட்டுக்குள்ளயும் கொண்டு போகலாம்னு கணக்குப் போட்டேன். அங்க பிடிச்சுது பேஜாரு.

மலை எங்க இருக்கு?

யானைக்கவுனிப் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். மடக்குற சைக்கிள்னா சின்னச் சக்கரமா, சிக்குன்னு இருக்கும்னு நினைச்சுக்கிட்டுப் போனா, அவர் எருமைக்கன்னு மாதிரி ஒண்ணை உருட்டிக்கிட்டு வர்றார். தடித்தடியா டயரு, முன்னாடி ஷாக் அப்சார்பர், டிஸ்க் பிரேக்கு, கை நிறைய கியரு. நடுவுல மட்டும் கதவுக் கீல் மாதிரி ஒரு கீல். மவுண்டன் பைக்காம். மடக்குற வண்டியில இதுதான் விலை கம்மி, இதுக்குக் கீழ போனா பொம்மைதான்னார். கண்ணு மூடித் திறக்கிறதுக்குள்ள மடக்கியும் காட்டினார். தூக்கிப் பாத்தேன், இடுப்பு பிடிச்சுக்கிச்சு.

நான் போறது எண்ணூருக்கு, அங்க ஏதுண்ணே மலைன்னு கேட்டேன். கடைக்காரர் தெக்கத்திக்காரர். பில்லு போட்டுக்கிட்டே, தலையைக்கூட நிமிர்த்தாம சொன்னார்: "மலைக்காவது ஒழுங்கா ஒரு பாதை இருக்கும் தாயி. உங்க ரோட்டுக்குத்தான் இந்த வண்டி வேணும்."

மூணாவது மாடியில இருந்து பாத்தவங்க

முதல் நாள். திருவொற்றியூர்ல ஹவுசிங் போர்டு, மூணாவது மாடி, கஸ்தூரியம்மாவுக்கு சுகர் டெஸ்ட். கீழ நின்னு சைக்கிளை மடக்க ஆரம்பிச்சேன். கடைக்காரர் கையில வாழைப்பழம் மாதிரி மடங்கினது, என் கையில வந்ததும் வீம்பு பிடிக்குது. கீலைத் திறந்தா ஹேண்டில்பார் இடிக்குது. ஹேண்டில்பாரை இறக்கினா பெடல் தடுக்குது. பெடலை மடக்கினா கீல் தானாவே மூடிக்குது. வெள்ளைக் கோட்டு பூரா செயின் கிரீஸு. அந்த வழியாப் போனவங்க எல்லாரும் நின்னு ஆளுக்கொரு யோசனை சொன்னாங்க, தொட்டு உதவுனவங்க யாரும் இல்ல.

ஒரு வழியா மடக்கி, மூணு மாடி தூக்கி, நாக்குத் தள்ள கதவைத் தட்டினா, கஸ்தூரியம்மா கையில காலி டம்ளர். பால்கனியில நின்னு மொத்தத்தையும் பாத்துக்கினு இருந்திருக்காங்க. ராத்திரியில இருந்து பட்டினி கிடந்ததெல்லாம் வீண், நாளைக்கு மறுபடியும் வரணும். எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. அவங்களுக்குத் துளி வருத்தம் கிடையாது. "நீ அத்த மடிக்கிறதுக்குள்ள நான் டீ போட்டு, ஆத்தி, குடிச்சே முடிச்சிட்டேன். நான் இன்னாமா பண்ணுவேன்?"

சக்கரத்துக்கும் செருப்பு மாதிரிதான்

காலடிப்பேட்டையில மளிகை மொத்த வியாபாரம் பண்ற ஒரு குடும்பம். தென்காசிப் பக்கம். வீடு கண்ணாடி மாதிரி இருக்கும். அந்த வீட்டம்மா நான் செருப்பைக் கழட்டி விட்டதைப் பாத்தாங்க, அப்புறம் மடக்கின சைக்கிளைப் பாத்தாங்க. செருப்பு மிதிச்ச அதே ரோட்டைத்தானே இந்த டயரும் மிதிச்சுது, அது மட்டும் எப்படி உள்ள வரும்னு கேட்டாங்க. நியாயம்தானே. வெளிய விட்டா தூக்கிடுவாங்கம்மான்னு கெஞ்சினேன். பேப்பர் விரிக்கிறேன்னேன், டயரைத் துடைச்சுடுறேன்னேன். வெள்ளிக்கிழமையும் அதுவுமான்னு அவங்க அசையல.

உள்ள அவங்க வீட்டுக்காரர் சட்டைக் கையைச் சுருட்டி விட்டுக்கிட்டு, காப்பி எப்போன்னு குரல் குடுத்துக்கிட்டே இருக்கார். அடுத்த வீட்ல இன்னொருத்தர் எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கார். கடைசியில அந்தம்மா சைக்கிளைச் சுத்திச் சுத்திப் பாத்து, நடுவுல இருந்த கீலைத் தொட்டுப் பாத்து, தீர்ப்பு சொன்னாங்க: "மடக்குற வண்டிதானே. சீட்டு உள்ள இருக்கட்டும், சக்கரம் ரெண்டும் வாசப்படிக்கு வெளிய நிக்கட்டும்."

ரயில்ல விசாரிச்சாங்க

எண்ணூர்ல வேலை முடிஞ்ச ஒரு நாள் சைக்கிளை மடக்கி லேடீஸ் பெட்டியில ஏறிட்டேன். பூ கட்டிக்கிட்டு உக்காந்திருந்த ஒரு அக்கா, ரெண்டா மடிஞ்சு கிடந்த சைக்கிளையும் பாத்தாங்க, கிரீஸு அப்பின என் கோட்டையும் பாத்தாங்க. எந்த லாரி அடிச்சுதுன்னு கேட்டாங்க. அடிக்கல, இது மடக்குற வண்டின்னேன். நம்பல. அதிர்ச்சியில உளர்றேன்னு பக்கத்துல இருந்தவங்ககிட்ட சொல்லிட்டாங்க. ஒருத்தங்க தண்ணி குடுத்தாங்க, ஒருத்தங்க எந்திரிச்சு இடம் குடுத்தாங்க. இருக்கிற அலுப்புக்கு நானும் உக்காந்துட்டேன். தண்டையார்பேட்டையில இறங்குறப்போ பூக்கார அக்கா என் தோளைத் தட்டிச் சொன்னாங்க: "சைக்கிள் போனா போவுது வுடு. உசுருக்கு ஒண்ணும் ஆவல பாரு, அத்த நெனச்சுக்கோ."

உள்ள ஒண்ணும் இல்ல

லேட்டு பிரச்சனை தீர்ந்துச்சு. லாரி வரிசைக்கு ஓரமாப் பூந்து பூந்து நேரத்துக்கு வந்துடுவேன். ஆனா புதுசா ஒரு தலைவலி. ரத்தத்தை மெஷின்ல சுத்தினா மேல இளமஞ்சளா தெளிஞ்சு நிக்கணும். நான் கொண்டு வர்றது ரோஸ்மில்க் மாதிரி நிக்குது. வழியில ரொம்பக் குலுங்கினா ரத்த அணு உடைஞ்சுடும், அப்புறம் சில டெஸ்ட்டுக்கு ரிசல்ட்டே தப்பா வரும். அந்த ரத்தத்தைக் கீழ ஊத்திட்டு மறுபடியும் போய் ஊசி குத்தணும். இன்சார்ஜ் மேடம் அந்த ட்யூபை வெளிச்சத்துல தூக்கிக் காட்டி, இன்னொரு தடவை இப்படி வந்தா எண்ணூர் ஏரியா கைமாறிடும்னு அதே சிரிப்போட சொல்லிட்டாங்க.

ஷாக் அப்சார்பர் இருக்கிற வண்டி எப்படிக் குலுங்கும்? சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் பக்கத்துல இருக்கிற ரிப்பேர் கடையில காட்டினேன். அவர் முன்பக்கத்தைக் கழட்டி, உள்ள விரலை விட்டுத் துழாவி, என்னைப் பாத்து ஆறுதலாச் சொன்னார்: "உள்ளார ஸ்பிரிங்கே இல்லக்கா, ரப்பர் கட்டை வச்சிருக்கான். ஆனா பாக்க ஸ்டைலா கீது."

எர்ணாவூர்ல இருந்து நடந்தது

எர்ணாவூர்ல ஏழுமலைன்னு ஒருத்தர். கிட்னி கோளாறு. ரத்தத்துல பொட்டாசியம் ஏறியிருக்கான்னு டாக்டர் பாக்கணும், ஏறியிருந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரியில சேத்தாகணும், விட்டா இதயத்துக்கே ஆபத்து. ரத்தம் உடைஞ்சா முதல்ல தப்பாக் காட்டுறது அந்தப் பொட்டாசியம்தான். அவர் ரத்தம் ஏற்கெனவே ரெண்டு தடவை என் சைக்கிள்ல உடைஞ்சு போச்சு. மூணாவது தடவையா நான் போய் நிக்கிறேன். கையெல்லாம் நீலம் பாரிச்சுக் கிடக்கு, நரம்பு கிடைக்கல. அவர் பல்லைக் கடிச்சுக்கிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டார். ஆஸ்பத்திரிக்குன்னு துணி மடிச்சு வச்ச பை கதவு ஓரத்துல இருக்கு. அவர் சம்சாரம் புஷ்பம், கருவாடு விக்கிறவங்க, என்னையே முறைச்சுக்கினு நிக்கிறாங்க. கடைசியில மணிக்கட்டுக்கிட்ட ஒரு நரம்பு குடுத்தார் மகராசன்.

வெளிய வந்தா ரோடு பூரா டிரெய்லர். ரயில் லைன்ல ஏதோ வேலையாம், ரயிலும் கிடையாது. சைக்கிள்ல ஏறினா ரத்தம் உடையும். விம்கோ நகர் மெட்ரோ வரைக்கும் நடக்கிறதுதான் வழி. ரத்த ட்யூப் இருக்கிற டப்பாவைக் குலுங்காம ரெண்டு கையால நெஞ்சோட அணைச்சுக்கிட்டா சைக்கிளை யார் தள்ளுறது? விட்டுட்டுப் போகவும் மனசு வரல. நான் முழிக்கிறதைப் பாத்துட்டு புஷ்பம்மா இறங்கி வந்து ஹேண்டில்பாரைப் புடுங்கினாங்க. "அந்தாளு கையில இனிமே குத்த எடம் இல்ல. நீ டப்பாவைப் புடி. இத்த நான் இஸ்துக்கினு வர்றேன்."

ரெண்டு பேரும் நடந்தோம். ஒரு இடத்துல டிரெய்லருக்கும் டிரெய்லருக்கும் நடுவுல பைக்குங்க அடைச்சுக்கிச்சு, ஆள் மட்டும் ஒருக்களிச்சுப் போகலாம், சைக்கிள் போகாது. மடக்கணும்கா, முதல்ல ஹேண்டில்பாரை இறக்கி, அப்புறம் கீலைன்னு நான் பாடம் நடத்த ஆரம்பிச்சேன். அந்தம்மா கீல் மேல ஒரு உதை விட்டாங்க. பொட்டுனு மடங்குச்சு. முந்தானையைச் சுருட்டி சும்மாடு வச்சு, கருவாட்டுக் கூடை ஏத்துற மாதிரி சைக்கிளைத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டு, லாரிங்களுக்கு நடுவுல விறுவிறுன்னு முன்னாடி போறாங்க. டிரைவருங்க எல்லாம் படம் எடுக்க செல்போனைத் தூக்கிட்டாங்க. நான் பின்னாடி, டப்பா குலுங்கக் கூடாதேன்னு மாசமாயிருக்கிறவ மாதிரி அடி மேல அடி வச்சுப் போறேன். வெக்கமாவும் இருந்துச்சு, அந்தம்மாவைக் கும்பிடணும் போலவும் இருந்துச்சு.

மெட்ரோ பிடிச்சு லேப்புக்கு வந்து ட்யூபைச் சுத்தப் போட்டாங்க. நானும் புஷ்பம்மாவும் கண்ணாடிக்கு வெளிய நின்னோம். எடுத்துத் தூக்கிக் காட்டினாங்க. இளமஞ்சள். பளிங்கு மாதிரி. பொட்டாசியமும் பயந்த அளவுக்கு இல்ல, மாத்திரையை மாத்தினாப் போதும், சேக்க வேண்டாம்னு டாக்டர் போன்ல சொல்லிட்டார். புஷ்பம்மா அப்படியே படியில உக்காந்து முந்தானையால மூஞ்சைத் துடைச்சுக்கினு, ஒரு டீ கிடைக்குமான்னு கேட்டாங்க. புருஷன் பட்டினின்னு அவங்களும் காலையில இருந்து பச்சைத் தண்ணி பல்லுல படாம இருந்திருக்காங்க. எனக்கு அழுகையை அடக்க முடியல.

இன்சார்ஜ் மேடம் வந்து ட்யூபைப் பாத்தாங்க, கிரீஸும் வேர்வையுமா நின்ன என்னைப் பாத்தாங்க, எப்படிக் கொண்டு வந்தீங்கன்னு கேட்டாங்க. சொன்னேன். ரொம்ப சந்தோஷம் அவங்களுக்கு. "பாத்தீங்களா சிஸ்டர், மனசு வச்சா முடியுது. எண்ணூர் ஏரியா உங்களுக்கேதான். இனிமே எல்லா சாம்பிளையும் இப்படியே நடந்தே கொண்டாந்துடுங்க."

ஆக, நடக்க மாட்டாம சைக்கிள் வாங்கின நான், இப்போ தினமும் டப்பாவை நெஞ்சுல கட்டி, அந்தச் சைக்கிளையும் கூட்டிக்கிட்டு நடக்கிறேன்.