சுவரை நக்கிப் பார்த்தவர்

போன வாரம் எங்கள் தஞ்சாவூர் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க அளவெடுக்க வந்தவர், பளபளவென்று ஓர் அட்டையை எடுத்து ஈரத்துணியால் தேய்த்துக் காட்டினார். "இத அடிச்சா சட்டையில ஒட்டவே ஒட்டாதும்மா. கொழம்ப ஊத்துனாக்கூட தொடைச்சு எடுத்துரலாம்." சுவரில் குழம்பு ஊற்றும் வழக்கம் எங்கள் வீட்டில் இன்னும் வரவில்லை என்றேன். கூடத்துக்காவது சுண்ணாம்பு அடிக்கலாமே என்றும் சொல்லிப்பார்த்தேன். என் வீட்டுக்காரர் உடனே, "இந்தக் காலத்துல யாரு சுண்ணாம்பு அடிக்கிறா? சாஞ்சா முதுகெல்லாம் வெள்ளை" என்றார். ஊரில் வேறு யார் சொன்னாலும் பொறுத்துக்கொள்வேன். முதுகு வெள்ளையானதால்தான் இந்த மனிதருக்குக் கல்யாணமே ஆனது. அன்றிலிருந்து நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. சோறு மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு அப்போது கல்யாண வயது. எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம். முதலில் பார்த்துவிட்டுப் போன இடத்தில், பெண்ணைப் பற்றிக் குறை சொல்லவில்லை, "வீடு ஒரு மாதிரி அழுது வடியுது" என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். மழைக்கறை படிந்த சுவரால் என் கல்யாணம் தட்டிப்போனதை அம்மாவால் தாங்க முடியவில்லை. அடுத்து கும்பகோணத்து உரக்கடையில் வேலை பார்க்கிற பையனின் போட்டோ வந்தது. காது கொஞ்சம் பெரிது. சிரிப்பு நன்றாக இருந்தது. நான் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் போட்டோ அரிசிப் பானைக்கு அடியில் எப்படிப் போனது என்று அம்மா கேட்கவும் இல்லை. "இந்தத் தடவ வெள்ளையடிச்சுட்டுத்தான் வரச் சொல்லணும்" என்று மட்டும் சொன்னாள்.

அம்மாவின் தம்பிக்குப் பூம்புகாரில் படகுக்காரச் சிநேகிதர் ஒருவர் இருந்தார். மாமா அவரிடம் சொல்லி, கடற்கரைக் கிளிஞ்சலைச் சுட்டு, தண்ணீர் தெளித்துப் பொடியாக உதிர்த்த சுண்ணாம்பு ஒரு சாக்கு வாங்கிவந்தார். கிளிஞ்சல் சுண்ணாம்பின் வெள்ளையே தனி. அதைப் புகழ ஆரம்பித்தால் மாமா நிறுத்தமாட்டார். ஏதோ அவரே கடலில் முங்கி ஒவ்வொன்றாகப் பொறுக்கி வந்தமாதிரி பேசுவார்.

அதே வாரம் அப்பாவும் ஒரு சாக்கு வாங்கிவந்தார். அது ஜிப்சம். அப்பாவின் அப்பா காலமெல்லாம் அடுத்தவர் வயலில் நடவும் அறுப்புமாக உழைத்தவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகச் சொந்த நிலம் வாங்கியது அப்பாதான். வாங்கிய பிறகுதான் அதன் கிழக்கு மூலை களர் என்று தெரிந்தது. வெயில் காய்ந்தால் வெள்ளை பூக்கும், மழை பெய்தால் தண்ணீர் இறங்காது, நாற்று நட்டால் நின்ற இடத்திலேயே கருகும். அந்த மண்ணைத் திருத்தத்தான் ஜிப்சம். பெண் பிள்ளைக்கு வரன் அமையாததைவிட அந்த மூலையைப் பற்றித்தான் அப்பா அதிகம் புலம்புவார் என்று அம்மா குற்றம் சொல்வாள். அது அவ்வளவு பொய்யும் இல்லை.

இரண்டுமே வெள்ளைப் பொடி. இரண்டுமே பழைய யூரியா சாக்கில் வந்தவை. இரண்டும் மாட்டுக்கொட்டகையில் அக்கம்பக்கமாக நின்றன. அம்மா விவரமானவள். குழம்பக்கூடாது என்று சுண்ணாம்புச் சாக்கின் வாயை வாழைநாரால் கட்டிவைத்தாள். அதைக் கன்றுக்குட்டி தின்றுவிட்டது. பிறகு மாமா வந்து, எது எது என்று தனக்குத் தெரியும் என்று புதிதாக ஒரு நார் கட்டினார்.

பெண் பார்க்க வருகிற நாளுக்கு முந்தின நாள் கூடத்துக்கு வெள்ளையடித்தோம். கஞ்சித்தண்ணியும் நீலமும் கலந்து அடித்ததில் சுவர் கண்ணைப் பறித்தது. "கிளிஞ்சல்னா கிளிஞ்சல்தான்" என்று மாமா மீசையைத் தடவிக்கொண்டார். மறுநாள் காலையில் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதால், விருந்தாளிகள் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று அப்பா மற்ற சாக்கைத் தூக்கிக்கொண்டு களர் மூலைக்குப் போனார். பாதியை இறைத்துவிட்டு மீதியை வரப்பில் வைத்துவிட்டு வந்தவர், காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "என்னமோ தெரியல, காலு எரியுது." பெண்ணைப் பெற்றவனுக்கு அப்படித்தான் இருக்கும் என்று மாமா சமாதானம் சொன்னார்.

வந்தார்கள். கத்தரிப்பூ நிறப் பட்டுப்புடவையில் மாப்பிள்ளையின் அம்மா, பழுப்புச் சட்டையில் மாப்பிள்ளை, இன்னும் நாலைந்து பேர். ஜமுக்காளத்தில் உட்கார்ந்து வசதியாகச் சுவரில் சாய்ந்தார்கள். நான் உள்ளே காப்பித்தட்டோடு நின்றேன். மெதுவாக நடக்கணும், குனிந்த தலை நிமிரக்கூடாது என்று அம்மா நூறுமுறை சொல்லியிருந்தாள். அதற்குள் மாமா அடுக்களைக்குள் ஓடிவந்தார். அவர் முகம் செத்திருந்தது.

"அக்கா, மாப்ள செவுத்த நக்குறாருக்கா."

கதவிடுக்கில் எட்டிப்பார்த்தேன். அவர் சுவரில் விரலைத் தேய்த்து, அந்த விரலை நாக்கில் வைத்து, கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தார். போட்டோவில் பார்த்த சிரிப்புக்கு இந்தக் கிறுக்குத்தான் காரணமா என்று நினைத்தேன். அழுகைகூட வந்தது. இந்த இடமும் போயிற்று, இந்தத் தடவை நாமே வேண்டாமென்று சொல்ல வேண்டியதுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அவர் எழுந்தார். அவர் முதுகு முழுக்க வெள்ளை. "இது சுண்ணாம்பு இல்லீங்களே" என்றார் அப்பாவிடம். "சுண்ணாம்புன்னா நாக்கச் சுட்டுருக்கும். இது ஜிப்சம் மாதிரில்ல இருக்கு."

"ஜிப்சத்த நான் காலைலயே வயல்ல எறைச்சிட்டேனே தம்பி."

"அப்ப வயல்ல எறைச்சது என்னங்க?"

எல்லாரும் ஒரே நேரத்தில் அப்பாவின் காலைப் பார்த்தார்கள். பாதம் இரண்டும் சிவந்து கிடந்தன.

"புளிச்ச மண்ணுக்குத்தாங்க சுண்ணாம்பு. களருக்குப் போட்டா இன்னும் கெட்டுப்போயிரும்" என்று சொல்லிக்கொண்டே மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டினார். அப்பா ஏற்கெனவே வாசலைத் தாண்டியிருந்தார். பின்னால் மாப்பிள்ளை, அவர் பின்னால் மாமா, அப்புறம் பெண் பார்க்க வந்த மொத்தக் கூட்டமும். வெற்றிலைத் தட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. வரப்பின்மேல் வரிசையாகப் போன அத்தனை முதுகும் வெள்ளை. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டு, திரும்பி நின்று பார்த்தார்கள்.

களர் மூலையில் நண்டெல்லாம் வளையை விட்டு வரப்பேறி ஓடிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளையும் மாமாவும் சேற்றில் இறங்கி, வெள்ளை விழுந்த மேல்மண்ணை மண்வெட்டியால் வழித்து வரப்போரம் ஒதுக்கினார்கள். அப்பாவும் இறங்கப்போனார். அப்போது மாப்பிள்ளையின் அம்மா போட்ட அதட்டல் அடுத்த ஊருக்குக் கேட்டிருக்கும். "எரியிற காலோட மறுபடி எறங்குறீங்களே, உங்களுக்கு அறிவிருக்கா? மொதல்ல வாய்க்கால்ல நில்லுங்க. யாராச்சும் போயி புளிச்ச மோரு கொண்டாங்க."

யார் போவது? எல்லாரும் யார் போவது என்றே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போனேன். காப்பித்தட்டை மெதுவாக எடுத்துவரப் பழகிய கால், பட்டுப்பாவாடையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு மோர்ச்செம்போடு வரப்பில் ஓடியது. குனிந்த தலையெல்லாம் போன இடம் தெரியவில்லை. வழியில் ஒருமுறை வழுக்கியும் விழுந்தேன். மோர் சிந்தவில்லை. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்பாவின் காலில் மோரை ஊற்றிக் கழுவினேன். நிமிர்ந்தபோது சேற்றில் நின்றபடி மாப்பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முறைப்படி கூடத்தில் நடக்கவேண்டிய பெண் பார்க்கும் சடங்கு அங்கேதான் நடந்தது. அம்மா அந்த அம்மாளிடம் போனாள். "பட்டுப்பொடவையெல்லாம் பாழாப்போச்சு. மன்னிச்சுக்கங்க."

அந்த அம்மாள் என்னையே பார்த்தார். பிறகு என்னிடம் முதுகைத் திருப்பினார். "எங்க, ரொம்ப ஒட்டிருக்கா பாரும்மா."

நான் கை கழுவிவிட்டு, தட்டித் தட்டித் துடைத்தேன். வெள்ளை போவதாக இல்லை. "விடு, இருக்கட்டும்" என்றார். அம்மாவிடம் திரும்பி, "பொண்ணு ஓடியாந்தத பாத்தேன். போதும். தேதி பாருங்க" என்றார்.

தப்பு யாருடையது என்று அப்பாவும் மாமாவும் ஆயுளுக்கும் வழக்காடினார்கள். கடைசியில் கன்றுக்குட்டியின் தலையில் கட்டினார்கள். அடுத்த கோடையில் சரியான சாக்கை வாங்கி என் வீட்டுக்காரரே நின்று இறைத்தார். களர் மூலையில் நெல் விளைந்த வருஷம் அப்பா எங்கள் இருவரையும் கூட்டிப்போய்க் காட்டினார். இப்போது அங்கே மனைக்கல் நட்டிருக்கிறார்கள்.

என் மாமியார் லேசுப்பட்டவர் இல்லை. எங்கள் இருவருக்கும் சண்டை வராத வாரம் கிடையாது. ஆனால் மன்னிப்பு என்கிற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. கோபம் ஆறியதும் அடுக்களைக்கு வருவார், என்னிடம் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பார். "எங்க, ஏதாச்சும் ஒட்டிருக்கா பாரு." நான் தட்டிவிடுவேன். அதோடு சண்டை முடிந்தது. என் மேல் தப்பு இருந்தால் நான் போய் முதுகைக் காட்டுவேன். அவர் கொஞ்சம் பலமாகவே தட்டுவார். அவர் போனபிறகு இந்த வீட்டில் சண்டைகள் முன்பைவிட நீளமாகப் போகின்றன.

நேற்றுப் பெயின்ட் வேலை முடிந்தது. வழவழவென்றுதான் இருக்கிறது. வேண்டுமென்றே நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தேன். பிறகு எழுந்து, பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் முன்னால் போய் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.

"ஏதாச்சும் ஒட்டிருக்கா பாருங்க."

பேப்பர் மடிக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அவர் தட்டினார், அவர் அம்மா மாதிரியே கொஞ்சம் பலமாக. ஒன்றும் ஒட்டாத முதுகை வெகுநேரம் தட்டிக்கொண்டே இருந்தார்.