நாற்பது கிலோ மணல்

அந்த மெக்கானிக்கை எல்லோரும் 'இடக்கை' என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் முப்பத்திரண்டு வயதுவரை அவர் வலக்கைக்காரர். ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு, அவருடைய பட்டறையிலேயே, அவருடைய வீல் ஸ்பேனராலேயே அந்த வலக்கையை ஒரு லாரிக்காரர் நசுக்கினார்.

முந்தைய நாள்தான் லாரிக்காரரின் தம்பி, இடக்கை சர்வீஸ் செய்து கொடுத்த பழைய ஸ்போர்ட்ஸ் காரில் போய்ப் பாலத்துச் சுவரில் மோதிச் செத்திருந்தான். முன்சக்கரங்கள் திரும்பியிருந்தும் வண்டி வளைவில் திரும்பாமல் நேராகப் போனது.

"என்னடா பண்ணி வெச்ச அந்த வண்டிய?"

"அண்ணே, பிரேக், ஸ்டியரிங் எல்லாம் கச்சிதமா இருந்துச்சுண்ணே..."

ஒவ்வொரு 'அண்ணே'வுக்கும் ஓர் அடி விழுந்தது. தடுக்க வந்த இடக்கையின் மனைவியைப் பிடித்துத் தள்ளியதில் அவள் புருவம் கிழிந்தது.

லாரிக்காரர் எட்டு மாதம் ஜெயிலில் இருந்தார். வெளியே வந்தபின் பட்டறைக் கூரையில் கல் விழ ஆரம்பித்தது. இடக்கையும் சும்மா இருக்கவில்லை. ஒரு மத்தியானம் சுத்தியலோடு போய் லாரியின் கண்ணாடிகளை ஒன்று விடாமல் நொறுக்கிவிட்டு வந்தார். இடக்கைப் பழக்கத்துக்கு அதுதான் நல்ல பயிற்சி என்று பிறகு சிரிப்பார்.

இப்படியே ஒன்பது வருடம் ஓடியது. அப்போது அதே மாடல் கார் ஒன்று வேலைக்கு வந்தது. கார் முதன்முதலில் வெளிவந்தபோது பத்திரிகைகள் எழுதிய விமர்சனங்களையும் அதன் சொந்தக்காரர் கட்டாகக் கொடுத்துப் போனார். இடக்கை சாப்பிட, மனைவி படித்துக் காட்டினாள்.

"பெடல் ரொம்ப நெருக்கமாம். எழுதினவரு ஷூவைக் கழட்டிட்டு வெறும் சாக்ஸோட ஓட்டினாராம்ங்க!"

"சரியாத்தான் எழுதியிருக்கான்."

"ஓட்டிப் பாக்கக் கம்பெனி கொடுத்த வண்டியில, முன்டிக்கியில நாற்பது கிலோ மணல் மூட்டை இருந்துச்சாம். எடுத்துட்டு ஓட்டினா வேகத்துல முன்பக்கம் லேசாயிடுதாம். வளைவுல திருப்பினாலும் நேராப் போகுதாம்."

இடக்கை தட்டைத் தள்ளி வைத்தார். எஞ்சின் பின்னாலும் டிக்கி முன்னாலும் இருக்கும் வண்டி அது. தம்பிக்காரனின் காரிலும் முன்டிக்கியில் ஒரு மணல் மூட்டை இருந்தது. எலி கடித்த குப்பை என்று நினைத்து அவரேதான் அதைத் தூக்கிச் சாக்கடையில் கொட்டினார்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க," என்றாள் மனைவி. "இதுவரைக்கும் வாங்கினது போதாதா?"

அவர் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே பத்திரிகையோடு லாரி ஷெட்டுக்குப் போனார்.

"அண்ணே, நீங்க அன்னைக்கு அடிச்சது தப்பில்ல," என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார்.

லாரிக்காரர் கடைசிவரை கேட்டார். பிறகு முகத்தில் குத்தினார். இரண்டு பற்கள் தெறித்தன. கீழே விழுந்தவரை விலாவில் மிதித்தார், மறுபடி மிதித்தார். இடக்கை கையைத் தூக்கவே இல்லை. பின்தொடர்ந்து வந்த மனைவிதான் ஜாக்கிக் கம்பியை எடுத்து லாரிக்காரரின் தோளில் ஓங்கிப் போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் மூவருக்கும் கேட்டது.

லாரிக்காரர் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார்.

"தெரிஞ்சா எடுத்தே?"

"தெரியாதுண்ணே."

"என் தம்பிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா மூட்டை எங்கேன்னு கேட்டிருப்பான்."

லாரிக்காரர் முறியாத கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தம்பியின் சாவு வீட்டில்கூட அவர் அழுததில்லை.

ஆஸ்பத்திரியில் லாரியிலிருந்து விழுந்ததாக அவர் சொன்னார். அதையே இடக்கையும் சொன்னார். டாக்டர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். புகார் எதுவும் போகவில்லை. அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டதும் இல்லை.