பாதி முகம் லீவு

என் வீட்டுக்காரர் கண்ணாடி வெட்டுபவர். ஜன்னலுக்கோ மேசைக்கோ அளவைச் சொன்னால் ஒரு நூல் பிசகாமல் வெட்டித் தருவார். அவர் வெட்டிக்கொண்டிருக்கும்போது பட்டறையில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. காரணம், அவருடைய சிரிப்பு; சிரித்தால் கை பிசகிக் கண்ணாடி உடைந்துவிடும். முதலில் சத்தமே வராது. தோள் மட்டும் குலுங்கும். பிறகு ஸ்டார்ட் ஆகாத வண்டியை உதைப்பதுபோல் இரண்டு மூன்று தடவை இழுக்கும். அப்புறம் வெடிக்கும் பாருங்கள், தெருக்கோடியில் போகிறவர்கூடத் திரும்பிப் பார்ப்பார். பட்டறையில் அவருக்கு 'இடி' என்றுதான் பெயர்.

அந்தச் சிரிப்பை ஒருவன் பிடுங்கிக்கொண்டான். அதை நிதானமாகச் சொல்ல நினைக்கிறேன். எவ்வளவு தூரம் முடியும் என்று தெரியவில்லை.

கல்யாணமான நாளிலிருந்தே நாங்கள் மேடைப் பைத்தியங்கள். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். காலை ஆறு மணிக்கே ஊசியும் கையுமாக நிற்க வேண்டும். அப்படியிருந்தும் கச்சேரி என்று காதில் விழுந்தால் போதும், கிளம்பிவிடுவோம். ஒரு தடவை திறந்த மைதானத்தில் பாட்டுக் கச்சேரி. பாதியில் மழை கொட்டி மின்சாரமும் போய்விட்டது. அந்தப் பாடகி இறங்கி ஓடவில்லை. மேடை விளிம்புக்கு வந்து நின்று, மைக் இல்லாமல் வெறும் தொண்டையில் பாடினாள். இவர் பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்து எங்கள் இரண்டு பேர் தலைக்கும் குடையாகப் பிடித்துக்கொண்டு, வரிகளைத் தப்பும் தவறுமாகக் கூடவே பாடினார். பக்கத்தில் இருந்தவர் சகிக்க முடியாமல், "அண்ணே, அந்தம்மா பாடட்டுமே" என்று கெஞ்சினார்.

இன்னொரு தடவை ஒரு பலகுரல் கலைஞரின் நிகழ்ச்சி. வயதானவர். இவர் சிரித்த சிரிப்பில் அந்தக் கலைஞர் தன் வசனத்தையே மறந்துவிட்டார். முடிந்ததும் மேடையை விட்டு இறங்கி நேராக இவரிடம் வந்தார். "நாளைக்கும் வாங்க. டிக்கெட் வேண்டாம். நீங்க சிரிச்சா சபையே சிரிக்குது" என்றார். மறுநாளும் போனோம். கேட்ட நகைச்சுவைக்கே இவர் மறுபடியும் விழுந்து விழுந்து சிரித்தார்.

எட்டு வருடத்துக்கு முன்னால் வண்டியிலிருந்து இறக்கும்போது ஒரு பெரிய கண்ணாடி உடைந்து இவர் கன்னத்தைக் கிழித்தது. பதினாறு தையல். நரம்பு அறுபட்டதால் வாயின் இடது பக்கம் அசையாது. சிரித்தால் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். சிரிப்புச் சத்தம் மட்டும் அப்படியேதான் இருந்தது. கொஞ்ச நாளில் எங்களுக்கு அந்த முகமே பழகிவிட்டது.

போன வருடம் எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு மகள் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். முன் வரிசை. மேடையில் தனியாக நின்று பேசுகிற சின்னப் பையன். வெள்ளை ஷூ போட்டிருந்தான். இரண்டாவது நகைச்சுவைக்கே இவர் வெடித்தார்.

"யாருங்க அது? ஆம்புலன்ஸ் சொல்லவா?" என்றான் அவன். சபை சிரித்தது. இவரும் சிரித்தார்.

"என்ன வேலைண்ணே பாக்குறீங்க?"

"கண்ணாடி வெட்டுறேன் தம்பி."

"எதுக்குண்ணே கருவியெல்லாம்? எதிர்ல நின்னு சிரிச்சாலே ரெண்டா போயிடுமே!"

நானும் சிரித்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்க்காரி. அவன் இறங்கி வந்து இவர் வாயருகே மைக்கை நீட்டினான். "இன்னொரு தடவை சிரிங்கண்ணே." இவரும் வெள்ளந்தியாகச் சிரித்தார். பின்னால் இருந்த பெரிய திரையில் இவர் முகம் வந்தது. அவன் திரையைப் பார்த்தான், இவரைப் பார்த்தான்.

"என்னண்ணே, பாதி முகம்தான் வேலை செய்யுது? மீதி பாதி லீவா?"

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரிச் சிரிப்பு. இவர் கை தானாக எழுந்து வாயை மூடிக்கொண்டது. நிகழ்ச்சி முடியும் வரை அந்தக் கையை எடுக்கவே இல்லை.

நாலே நாளில் அது வீடியோவாக வந்தது. முப்பது லட்சம் பேர் பார்த்தார்கள். பட்டறைக்கு வருகிறவர்கள், "லீவு மாமா, ஒரு தடவை சிரிங்க" என்று போனைத் தூக்கிப் பிடித்தார்கள். இவர் கண்ணாடியிலிருந்து தலையை நிமிர்த்தாமல் வேலை செய்வார். பட்டறையில் இப்போது எல்லோரும் தாராளமாகப் பேசலாம். எந்தக் கண்ணாடியும் உடைவதில்லை.

வீடியோவை எடுக்கச் சொல்லி அந்தப் பையனுக்கு மூன்று தடவை எழுதினேன். மூன்றாவதற்குப் பதில் வந்தது. "எங்கள் நிகழ்ச்சியை ரசித்ததற்கு நன்றி. அடுத்த நிகழ்ச்சிக்கு உங்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி." நான் எழுதியதில் ஒரு எழுத்தையாவது படித்திருப்பானா?

அந்தத் தள்ளுபடியை வைத்தே முன் வரிசையில் ஒரு டிக்கெட் எடுத்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசியைப் பார்த்து ஊரைக் கூட்டுகிற ஆட்கள் முன்னால் முகத்தில் எதையும் காட்டாமல் நிற்பது என் பிழைப்பு. இருபது நிமிடம் என் உதடு அசையவில்லை. அவனுக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, டிக்கெட் எடுத்துட்டுத்தானே வந்தீங்க? இல்ல, யாராச்சும் கடத்திட்டு வந்தாங்களா?"

எழுந்து கையை நீட்டினேன். மைக்கைக் கொடுத்துவிட்டான்.

"பாதி முகம் லீவான்னு கேட்டியே தம்பி, அவர் என் வீட்டுக்காரர்."

சபையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். அவனும் சிரித்து, "மாமா நல்லா இருக்காராக்கா? அவர் முகம் எப்படி..." என்று ஆரம்பித்தான்.

"அந்தக் காயம் எப்படி வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். சொன்னா பாவம்னு எல்லாரும் கை தட்டுவாங்க. எனக்கு அது வேண்டாம். அந்த வீடியோவை எடு."

"அக்கா, அவரைக் கேட்டுத்தானே மைக்கை நீட்டினேன்?"

"சிரிக்கச் சொன்னே, சிரிச்சாரு. அவர் முகத்தை ஊரெல்லாம் காட்டட்டுமான்னு கேட்டியா?"

அவன் நல்ல வாயாடி, ஆனால் ஒரு சொல் வரவில்லை. பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "எடுத்துருப்பா" என்றது. அதற்குள் காவலாளிகள் இரண்டு பேர் வந்து, "வாங்கம்மா, வெளியில பேசிக்கலாம்" என்று அழைத்துப் போனார்கள். வெளியில் பேச யாரும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

மறுநாள் வீடியோவை எடுத்துவிட்டான். ஆனால் அதைப் பிரதி எடுத்துப் போட்டவர்கள் நூறு பேர் இருந்தார்கள். போதாக்குறைக்கு நான் பேசியதையும் யாரோ படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். அதை இவர் பட்டறையில் பார்த்துவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தார். இருபத்தைந்து வருடத்தில் இவர் என்னிடம் குரல் உயர்த்தியது அன்றைக்குத்தான்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா? அவனும் கேக்கலை, நீயும் கேக்கலை!"

"உங்களுக்காகத்தான் போனேன்."

"எனக்காகவா? உன் கோபத்துக்காகப் போனே. நான் அதை மறக்கலாம்னு பாத்துட்டிருந்தேன்."

"மறந்தவரு ஏன் வீட்டுக்குள்ளகூட வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறீங்க?"

மூன்று நாள் பேசிக்கொள்ளவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. நாலாம் நாள் காலையில் நானே வாயைத் திறந்தேன்.

"கேட்டுட்டுப் போயிருக்கணும். தப்புதான்."

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு, "அவன் நிஜமாவே பேச்சு வராம நின்னானா?" என்று கேட்டார்.

"ஒரு சொல் வரலை."

தலையை ஆட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

இப்போது மகள் முன்னால் கையை இறக்கிவிட்டுச் சிரிக்கிறார். வெளியில் போனால் கை மேலே போய்விடுகிறது. நகைச்சுவை என்றால் வர மாட்டேன் என்கிறார். போன மாதம் அவரே ஒரு பாட்டுக் கச்சேரிக்கு இரண்டு டிக்கெட் எடுத்து வந்தார். கடைசி வரிசை, சுவரோரம். மேடையில் யார் நிற்கிறார்கள் என்றே தெரியவில்லை.

"இங்கேருந்து என்னங்க தெரியும்?" என்றேன்.

"கேக்குதுல்ல, அது போதும்" என்றார்.

எனக்குப் போதவில்லை. சொல்லவும் சொன்னேன். அடுத்த தடவை டிக்கெட்டை நான் எடுப்பதாக இருக்கிறேன். எந்த வரிசை என்று அவரைக் கேட்டுவிட்டு.