கால் பொருத்தும் உரிமை எனக்குக் கிடைத்த விதம்

எங்கள் ஆட்களின் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இப்போது செயற்கைக் கால் செய்யும் தொழிலுக்கு வந்திருக்கிறார்கள். பெர்மிற், பரீட்சை, சபை என்று இவ்வளவு அலைச்சல் ஏன் என்று அவர்களில் ஒருத்தி என்னிடம் கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. பிளாஸ்ரர் அறை

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு கனடாவில், மொன்றியலில், செயற்கைக் கால் செய்யும் ஒரு லாபில் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முன் திருகோணமலையில் ஒன்பது வருடம் இதே வேலைதான் செய்தேன். மிதிவெடியில் கால் போனவர்களுக்கு அளவெடுத்து, கால் செய்து, பொருத்தி, நடக்கவும் பழக்கியிருக்கிறேன்.

முதல் நாள் முதலாளி ரெஜான் என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் பிளாஸ்ரர் அறையைக் காட்டினார். நோயாளியின் காலில் அச்செடுப்பது அவர். அந்த அச்சுக்குள் பிளாஸ்ரர் ஊற்றி, காய்ந்ததும் அவர் கீறிவிட்ட அடையாளப்படி அரத்தால் ராவி, அதன்மேல் பிளாஸ்ரிக் இழுத்து சொக்கெற் செய்வது நான். மீதிக்கால் போய் உட்காரும் கிண்ணத்தைத்தான் சொக்கெற் என்போம். அது சரியில்லை என்றால் மற்றதெல்லாம் வீண்.

முன்பக்க அறைக்குள், நோயாளியிடம், நான் போகக்கூடாது. லாப் நடத்த அரசாங்கப் பெர்மிற் இருந்தது. அந்தப் பெர்மிற்றின்படி அளவெடுப்பதும் பொருத்துவதும் தாளில் கையெழுத்திடுவதும் தொழிலுக்கான சபையில் பெயர் பதிந்தவர்களுக்கு மட்டும் உரியவை. எங்கள் லாபில் அப்படிப் பதிந்திருந்தவர் ரெஜான் ஒருவர்தான். என்னுடைய சேர்டிபிக்கேற்றை அவர் மரியாதையாகப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அது இங்கே செல்லாது.

எனக்கு நல்ல கோபம். வீட்டில் அன்ரனிடம், என் மனுசனிடம், ஒவ்வொரு நாளும் புறுபுறுத்தேன். அவர் துறைமுகப் பக்கம் லொறிக் கொம்பனி ஒன்றில் வேலை. அவரும் ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர்தான். அதனால் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார்.

2. சிவபாலன் அண்ணை

ஒன்றரை வருடம் இப்படிப் போனது. ஒரு வியாழக்கிழமை ரெஜான் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் மாட்டுப்பட்டுவிட்டார். லாபில் ஒரு நோயாளி லீவு போட்டுவிட்டு வந்து காத்துக்கொண்டிருந்தார். பெயர் சிவபாலன். ஊர் யாழ்ப்பாணம், இருப்பது மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில். களஞ்சியம் ஒன்றில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவர். முழங்காலுக்குக் கீழே இடது கால் இல்லை. பழைய சொக்கெற் தளர்ந்துபோனதால் புதியது செய்திருந்தோம். திங்கட்கிழமை அவர் வேலைக்குத் திரும்ப வேண்டும்.

ரெஜான் ரெலிபோனில் கூப்பிட்டார். நீ எத்தனையோ கால் பொருத்தியவள், நீயே பொருத்திவிடு, தாளில் நான் நாளைக்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வேண்டாம் என்று சொல்லத் தோன்றவே இல்லை. கையைக் கழுவிக்கொண்டு ஓடினேன். தமிழ் ஆள் என்று கண்டதும் அவருக்கும் சந்தோசம். சொக்கெற்றைப் போட்டு, ஓர் இடத்தில் சூடாக்கி விளிம்பை விரித்து, பாதத்தின் கோணத்தைச் சரிசெய்து, கைபிடிக் கம்பிகளுக்கு நடுவே நடக்கவிட்டேன். அழகாக நடந்தார்.

"எங்கையாவது நோகுதோ அண்ணை?"

"இல்லைத் தங்கச்சி. ஒரு நோவும் இல்லை."

அன்று நான் மெற்றோவில் சிரித்துக்கொண்டே வீடு போனேன்.

பத்தாம் நாள் அவர் ஊன்றுகோலோடு வந்தார். மீதிக்காலின் நுனியில் பெருவிரல் நகமளவுக்குப் புண். அவருக்குப் பதினைந்து வருடமாகச் சலரோகம், அதாவது நீரிழிவு. காலில் உணர்ச்சி பாதிக்குமேல் போய்விட்டது. நோகவில்லை என்று அவர் சொன்னது பொய்யில்லை, அந்தக் காலுக்கு நோவு தெரியாது. இதெல்லாம் அவருடைய பைலின் முதல் பக்கத்திலேயே பிரெஞ்சில் எழுதியிருந்தது. நான் பைலைத் திறக்கவே இல்லை. திருகோணமலையில் என்னிடம் வந்தவர்கள் பெரும்பாலும் இளம் ஆட்கள். சலரோகக்காரரின் காலை நான் அதற்கு முன் பொருத்தியதில்லை. எனக்குத் தெரியாதது என்ன என்பதே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

ஆறு கிழமை அவர் கால் போடாமல் வீட்டில் இருந்தார். ரெஜான் சொக்கெற்றைத் திருத்திக் கொடுத்தார், புண் ஆறியது, அவர் வேலைக்கும் திரும்பினார். தாளில் இருந்தது ரெஜானின் கையெழுத்து. ஆஸ்பத்திரியும் அவரிடம்தான் விளக்கம் கேட்டது. என் பெயர் எங்கும் வரவில்லை.

நான் சிவபாலன் அண்ணையிடம் நேரே போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஏசவில்லை.

"நீங்கள் நல்லாச் செய்யவேணும் எண்டுதான் செய்தனீங்கள். ஆனா தங்கச்சி, எங்களுக்குக் கால் போட உள்ளுக்கு வாற ஆளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது எண்டு நாங்கள் எப்பிடி அறியிறது?"

அடுத்த கிழமை சபைக்கு எழுதி விண்ணப்பப் படிவம் எடுத்தேன்.

3. படிவத்தில் ஒரு கேள்வி

வெளிநாட்டில் படித்தவர்களின் தகுதியை எடைபோட சபையில் ஒரு கொமிற்றி இருந்தது. சேர்டிபிக்கேற்றை மொழிபெயர்ப்பித்து, செய்த வேலையை விவரமாக எழுதி அனுப்ப வேண்டும். படிவத்தில் ஒரு கேள்வி: கியூபெக்கில் நோயாளிக்கு நேரடியாக ஏதாவது செய்திருக்கிறீர்களா?

இல்லை என்று எழுதினால் ஆருக்குத் தெரியப்போகுது என்று அன்ரன் கேட்டார். கெட்ட மனதோடு கேட்கவில்லை, எனக்காகப் பயந்துதான் கேட்டார். எனக்கும் பயம். ஓம் என்று எழுதினால் என் விண்ணப்பம் அப்படியே குப்பைக்குப் போகலாம். ரெஜானின் பெர்மிற்றும் போகலாம். லாபில் எங்களோடு எட்டுப் பேர் வேலை செய்தார்கள்.

எழுதுவதற்கு முன் ரெஜானிடம் சொன்னேன். அவர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த நாள் காலை பிளாஸ்ரர் அறைக்கு வந்து, தானே சபைக்கு எழுதிவிட்டதாகச் சொன்னார்.

"அண்டைக்கு உன்னை அனுப்பினது நான். முதல் என்ரை கடிதம் போகட்டும். பேந்து நீ எழுது."

சபை அனுப்பிய இன்ஸ்பெக்டர் வந்து இரண்டு நாள் இருந்து பைல் பைலாகப் பார்த்தார். கடைசியில் ரெஜானுக்கு எழுத்தில் கண்டிப்பு வந்தது. அவர் இல்லாத நேரத்தில் எந்த நோயாளிக்கும் எதுவும் பொருத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு லாப் தப்பியது.

படிவத்தில் ஓம் என்று எழுதிய என்னைக் கொமிற்றி நேரில் கூப்பிட்டது. மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த நரைத்த தலை அம்மா, பிழை என்று தெரிந்துதான் செய்தீர்களா என்று கேட்டார்.

எனக்கு வந்த பிரெஞ்சில் சொன்னேன்: "விதி இருக்கிறது என்று தெரியும். ஏன் இருக்கிறது என்று அப்போது தெரியாது. இப்போது தெரியும்."

அதே நோயாளி இன்று வந்தால் என்ன செய்வீர்கள் என்று அடுத்துக் கேட்டார். பைலை வாசிப்பதில் தொடங்கி, தோலைப் பார்ப்பது, மெல்லிய நைலோன் நூலால் தொட்டு உணர்ச்சி சோதிப்பது, பத்து நிமிடம் நடந்தபின் கழற்றிச் சிவப்புத் தேடுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. என் ஒன்பது வருடத்தில் பெரும் பகுதியை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து நகரமான லவாலில் இருக்கும் கல்லூரியில் சில பாடங்கள், பிரெஞ்சுச் சோதனை, அதன் பிறகு செய்முறைப் பரீட்சை. வாசித்துவிட்டு குசினியில் நின்றபடியே அழுதேன்.

4. வூ, த்யூ

முதல் குளிர்காலம் பஸ்ஸில் லவாலுக்குப் போய்வந்தேன். பிறகு மெற்றோ பாதை ஆற்றுக்கு அந்தப்பக்கம் லவால் வரை நீண்டதால் ஒரு மணித்தியாலம் மிச்சம். வகுப்பில் மற்றவர்களுக்குப் பத்தொன்பது இருபது வயது. அரம் பிடிக்க அவர்கள் என்னிடம் கேட்பார்கள். நரம்பும் இரத்தக்குழாயும் வந்தால் நான் அவர்களிடம் கேட்பேன்.

பிரெஞ்சுச் சோதனையில் முதல்முறை தவறினேன். எழுத்தில் பிரச்சினை இல்லை. பேச்சில் கவிழ்ந்தேன். இங்கத்தைய ஆட்கள் வேகமாகக் கதைத்தால் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. என் மகள் மெலனிக்கு அப்போது பத்து வயது. அவள் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு நோயாளியாக நடிப்பாள். நான் விளங்கப்படுத்த வேண்டும்.

"அம்மா, நோயாளிக்கு வூ எண்டு சொல்லுங்கோ. நீங்கள் த்யூ எண்டு சொல்லுறீங்கள். அது மரியாதை இல்லை."

நீங்கள் என்பதற்கும் நீ என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை எனக்கே ஒரு பத்து வயதுப் பிள்ளை சொல்லித்தர வேண்டியிருந்தது. இரண்டாம்முறை பாஸ்.

5. நாலாவது பிழை

செய்முறைப் பரீட்சையில் இரண்டு பரீட்சகர்கள். நோயாளியாக வந்தவர் மதாம் ஷீலின், கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகள் பார்த்து ஓய்வு பெற்றவர். முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். பரீட்சகர்கள் வேண்டுமென்றே அந்தக் காலின் பொருத்தத்தில் மூன்று பிழை வைத்திருந்தார்கள். நடையைப் பார்த்து அவற்றைக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும்.

மதாம் வாய் மூடாமல் கதைத்தார். பேரப்பிள்ளை, பனி, பஸ் பிந்தியது என்று எல்லாம் சொன்னார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. பைலை வாசித்தேன், தோலைப் பார்த்தேன், பிறகு நடக்கச் சொன்னேன். பாதம் உட்பக்கம் திரும்பியிருந்தது. கால் கொஞ்சம் நீளம். சொக்கெற்றின் சாய்வு போதாது. மூன்றையும் திருத்தினேன்.

திரும்ப நடந்தார். இன்னும் முழங்கால் முன்னுக்குத் தள்ளியது. மூன்று பிழையும் முடிந்துவிட்டது, ஆனால் நடை சரியில்லை. நான் கீழே முழந்தாளிட்டு அவருடைய சப்பாத்தைப் பார்த்தேன். பனிச் சப்பாத்து, குதி உயரம். வழமையாக இதைத்தான் போடுவீர்களா என்று கேட்டேன்.

"இல்லை மதாம், இண்டைக்கு வழுக்கும் எண்டு மகளின்ரை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்தனான்."

பரீட்சகர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நாலாவது பிழையை அவர்கள் வைக்கவில்லை, அவர்களுக்கே தெரியாது. அலமாரியில் இருந்து தட்டையான சப்பாத்து எடுத்து மாற்றினேன். மதாம் அறையின் அந்தம் வரை நேராக நடந்துபோய், கைபிடிக்காமல் திரும்பி வந்தார். மூத்த பரீட்சகர் பேனையை மூடிப் பையில் வைத்துவிட்டு எனக்குக் கைதந்தார். முடிவு கடிதத்தில்தான் வரும் என்று சொன்னார், ஆனால் அவர் முகம் அங்கேயே சொல்லிவிட்டது.

6. முழுப்பெயர்

அலைச்சல் ஏன் என்று கேட்ட அந்தப் பிள்ளைக்குச் சொன்னது இதுதான். கை வேலை எனக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் நான் ஒருவருடைய காலைப் புண்ணாக்கினேன். நம்மிடம் வருகிறவர் காற்சட்டையை மடித்துக் காலை நீட்டும்போது, நமக்கு என்ன தெரியும் என்று அவரால் சோதித்துப் பார்க்க முடியாது. அவருக்குப் பதிலாக வேறு யாரோ முன்கூட்டியே சோதித்திருக்க வேண்டும். நான் மூன்று வருடம் அலைந்தது அதற்குத்தான். அந்த அலைச்சலில் ஒரு நாளைக்கூட இப்போது நான் குறைக்க மாட்டேன்.

பரீட்சையில் பாஸாகி, சபையின் பதிவு இலக்கம் வந்த கிழமையே ரெஜான் என்னை லாபின் இரண்டாவது பொறுப்பாளராக அரசாங்கத்துக்கு எழுதி அனுப்பினார். முதல் நோயாளிக்கு நானே அச்செடுத்து, நானே பொருத்தினேன். முடிந்ததும் தாளை எடுத்தேன். கையெழுத்துக்குக் கீழே பெயர் எழுதும் கட்டம் மிகச் சின்னது. இங்கத்தைய பெயர்களுக்காக அச்சடித்தது. முதலெழுத்தை மட்டும் போட்டாலும் போதும் என்றார் ரெஜான்.

மேரி புனிதவதி அன்ரன்தாஸ் என்று என் முழுப்பெயரையும் எழுதினேன். கட்டத்தைத் தாண்டி, ஓரக்கோட்டையும் தாண்டி, தாளின் விளிம்பு வரைக்கும் போனது.