துண்டு போட்ட நாற்காலி

கடலூரில் எங்கள் அலுவலகத்தைப் புது மோஸ்தரில் மாற்றினார்கள். இனி யாருக்கும் சொந்த இடம் கிடையாது, முதலில் வருபவர் பிடித்த இடத்தில் உட்காரலாம் என்றார்கள். நாற்காலிகள் மட்டும் வண்ண வண்ணமாக வந்தன.

சிதம்பரத்திலிருந்து வரும் மூத்த கிளார்க் ஒருவர், ஒல்லியானவர், தூக்கம் போதாமல் சிவந்த கண்கள். வந்ததும் ஜன்னலோர நாற்காலியில் பச்சைத் துண்டைப் போட்டுவிட்டுத்தான் டீக்குப் போவார்.

"பஸ்ஸுலதான் துண்டு போட்டு எடம் புடிக்கிறீங்க, இங்கயுமா சார்?" என்றேன்.

"எனக்குன்னு வூட்டுல ஒரு சேர் இருக்கு தம்பி. அதுல உக்காரத்தான் நேரமில்ல."

ஒரு மாலை நானும் அவரோடு சிதம்பரம் பஸ் ஏறினேன். அவர் துண்டு போட்டிருந்த சீட்டில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். சண்டை வரும் என்று நினைத்தேன்.

"துண்ட மட்டும் குடுங்க," என்றார் கிளார்க். "காலைல ஆபீசுக்கு வேணும்."