ஐஸ்கிரீம் பெட்டிக்குள் தீயணைப்பு வண்டி

அண்ணிக்குப் பல் கட்டுவது தொழில். மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துச் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை. போன மாதம் அவர் இறந்தபோது துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அவர் செய்த பற்களோடுதான் அழுதார்கள். அதை அண்ணன் என் காதில் சொன்னதும் இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணி இருந்திருந்தால் எங்களைவிட உரக்கச் சிரித்திருப்பார்.

ஆனால் நான் சொல்ல வந்தது பற்களைப் பற்றி அல்ல, ஒரு தீயணைப்பு வண்டியைப் பற்றி.

ஐஸ்கிரீம் கடைக்கு மேலே ஓர் அறை. ஞாயிறுதோறும் அங்கே அண்ணி, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், லிஃப்ட் மெக்கானிக் மூவரும் கூடி, வண்டிகளையும் கப்பல்களையும் கையடக்க மாதிரிகளாகச் செய்வார்கள். வேடிக்கை பார்க்க நான். அங்கே ஒரே ஒரு சட்டம்: அடுத்தவர் மாதிரியில் கை வைக்கக் கூடாது. யோசனை சொல்லலாம், கருவி தரலாம், சின்னச் சின்னத் துண்டுகள்கூடச் செய்து தரலாம். ஒட்டுவது மட்டும் உரியவரின் கை.

மெக்கானிக் எதையும் முடித்ததே இல்லை. அவர் வீட்டு அலமாரியில் சக்கரமில்லாத லாரி, இறக்கையில்லாத விமானம், பாய்மரமில்லாத படகு.

“முடிச்சாதான் என்ன?” என்று அண்ணி கேட்டார்.

“முடிச்சா தப்பு தெரியும்க்கா.”

“தெரியட்டுமே. என் கப்பலைப் பாருங்க, இப்பவே படிக்கட்டு தலைகீழா இருக்கு. ஏறுறவன் கடலுக்குள்ளதான் போவான்.”

அன்றுதான் மனிதர் தீயணைப்பு வண்டியை முடிப்பதென்று ஒத்துக்கொண்டார். ஆளாளுக்குக் குஷி. கண்ணாடிக்காரர் ஷூ லேஸைப் பிரித்துத் தண்ணீர்க் குழாய் செய்து தந்தார். அண்ணி, ஈறு செய்யும் இளஞ்சிவப்புப் பிசினில் ஓட்டுநரைச் செதுக்கித் தந்தார். முகத்துக்கு வண்ணமே தேவைப்படவில்லை. எல்லாவற்றையும் மெக்கானிக்கே ஒட்டினார். வண்டி செக்கச்செவேலென்று பளபளத்தது. சனிக்கிழமை இரவு, மறுநாள் மாதிரிகளின் கண்காட்சி, கூரை ஒன்றுதான் பாக்கி.

அவசரத்தில் கூரையை சூப்பர் க்ளூ போட்டு ஒட்டிவிட்டார். அந்தப் பசையின் ஆவி மூடிய இடத்தில் சிக்கினால் ஜன்னலுக்கு வைக்கும் கண்ணாடித் தாளில் வெள்ளையாகப் படியும். இந்த வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் ஒரு முறையாவது செய்யும் தப்பும் அதுதான். ஞாயிறு காலையில் வண்டி வைத்த டப்பாவைத் திறந்தால் அத்தனை ஜன்னலும் பால் நிறம்.

“கண்புரை மாதிரி இருக்கு. ஆபரேஷன்தான்,” என்றார் கண்ணாடிக்காரர்.

மெக்கானிக் சிரிக்கவில்லை. “நான் கண்காட்சிக்கு வரல. இனிமே இந்த வேலையே வேண்டாம்க்கா.” டப்பாவை மூடிவிட்டார்.

“மத்தியானம்தானே கண்காட்சி? கூரையக் கழட்டலாம்.”

“உடைஞ்சிடும்.”

“அந்தப் பசை குளிர்ல செத்துப்போகும். நல்லா குளிர வெச்சா தானா விட்டுடும். எங்க கூடத்துல ஒட்டிக்கிட்டதையெல்லாம் அப்படித்தான் பிரிப்போம்.” அண்ணி ஏற்கெனவே படியிறங்கிக்கொண்டிருந்தார். “அண்ணே, உங்க ஐஸ் பெட்டில கொஞ்சம் இடம் வேணும்!”

கடைக்காரர் டப்பாவைத் திறந்து பார்த்தார். “தீயணைப்பு வண்டியா? நெருப்பு எங்கேம்மா, என் ஐஸ்கிரீம்லயா?”

“முன்ஜாக்கிரதைதான் அண்ணே.”

சிரித்துக்கொண்டே வெனிலாவைத் தள்ளி இடம் கொடுத்தார். காத்திருந்த நேரத்தில் மெக்கானிக் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். வந்த வாடிக்கையாளர்களும் ஐஸ்கிரீமை மறந்து எங்களோடு நின்றுவிட்டார்கள்.

வெளியே எடுத்தபோது வண்டி முழுக்கப் பனி. மெக்கானிக் அதை அண்ணியிடம் நீட்டினார். “நீங்களே பண்ணுங்கக்கா. என் கைய நான் நம்பல.”

அண்ணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “பத்தாவது மாடில தொங்கிக்கிட்டு ஸ்க்ரூ மாட்டுற கை அது. கத்தி முனைய ஓரத்துல வெச்சு லேசாத் திருப்புங்க. உங்க வண்டி தம்பி.”

கத்தி நுழைந்தது. டக்கென்று ஒரு சத்தம். உடைந்தே போச்சு என்று நினைத்தேன். பார்த்தால் கூரை கீறலில்லாமல் அவர் உள்ளங்கையில் கிடக்கிறது! கடையே கைதட்டியது. உள்ளேயிருந்து பிசின் ஓட்டுநர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரே ஓட்டம். பல்லைப் பளபளப்பாக்கும் களிம்பும் மோட்டாரில் சுழலும் சின்னத் துணிச் சக்கரமும் அண்ணியின் பையில் இருந்தன; மெக்கானிக் அவற்றால் ஜன்னல்களை உள்ளிருந்து தேய்த்தார். “வேகம் கூட்டாதீங்க, உருகிடும். அவ்வளவுதான், அவ்வளவுதான், அழகு!” என்று அண்ணி பக்கத்தில் குதிக்காத குறை. ஜன்னல் ஒவ்வொன்றாகத் தெளிந்தது. கூரையை இம்முறை சாதாரண வெள்ளைப் பசையில் ஒட்டினார்.

மேசைகளை நிரப்பி முடிக்கும் நேரத்தில் மண்டபத்துக்குள் ஓடினோம். மெக்கானிக் தன் கையால் வண்டியை வைத்தார். பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த மேசையில் ஒரு பெண் தன் காரின் வெளுத்த ஜன்னலைப் பார்த்துக் கண்கலங்கி நிற்க, அண்ணி வாய் திறப்பதற்குள் மெக்கானிக் அவரிடம் ஓடிவிட்டார்.

“அழாதீங்கம்மா. வீட்ல ஃப்ரிட்ஜ் இருக்கா?”

அண்ணி என் விலாவில் இடித்த இடி இன்னும் வலிக்கிறது.

போன ஞாயிறு மெக்கானிக் எங்கள் வீட்டுக்கு வந்தார். மேசைமேல் அண்ணி பாதியில் விட்ட அதே கப்பல். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணனிடம் கேட்டார்:

“அண்ணே, இதுல நான் கை வைக்கலாமா?”

அண்ணன் தலையசைத்தார்.

“அடுத்த கண்காட்சிக்கு முடிச்சிடறேன். அந்தத் தலைகீழ்ப் படிக்கட்டை மட்டும் அப்படியே விட்டுடறேன்.”