வினாடிக்கு ஐம்பது படமும் அக்காவின் வாக்கும்

கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் காமிரா மாட்டுவது என் தொழில். திண்டுக்கல்லைச் சுற்றி நான் ஏணி சாத்தாத ஊர் குறைவு. கண்ணால் கண்டால்தான் நம்புவது என்பது இந்தத் தொழிலுக்கு நல்ல குணம். ஆனால் எனக்கு அது தொழிலோடு வந்ததல்ல. ஒன்பது வயதிலேயே இருந்தது. அதில் மாட்டிக்கொண்டு முழித்தவள் என் அக்கா.

அப்போது எங்கள் வீட்டில் ஒரு டிவி கேம் இருந்தது. கேசட்டைச் செருகி, மஞ்சள் வயரை டிவியில் மாட்டி ஆடுவது. பாழடைந்த கோட்டைக்குள் ஒருவன் பள்ளம் பள்ளமாகத் தாண்டிப் போகும் ஆட்டம்தான் எங்களுக்கு உயிர். அதன் கடைசிக் கட்டத்தில் நானும் அக்காவும் மாதக்கணக்கில் விழுந்துகொண்டே கிடந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை நான் அத்தாவோடு ஜும்மாவுக்குப் போய்விட்டுத் திரும்பினால், அக்கா வாசலிலேயே நின்று குதிக்கிறாள்.

"ஏலே, முடிச்சிட்டேன்டா! கடைசிக் கதவு தொறந்துருச்சு! உள்ள ஒரே வெளிச்சம்!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். டிவி இருட்டாக இருந்தது. கரண்ட் போய்விட்டதாம். "பொய்" என்றேன். அத்தா சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் தீர்ப்பே சொல்லியாகிவிட்டது போல ஆனது.

அன்றிலிருந்து அக்கா எதைச் சொன்னாலும், "அப்ப கரண்டு இருந்துச்சா?" என்று கேட்பது வீட்டு வழக்கம். பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் என்றாள், கேட்டேன். மகள் பிறந்து, "அப்படியே ஒன் மூக்குடா" என்று போனில் சொன்னாள், அப்போதும் கேட்டேன். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அவளே சிரிக்கிறாளே, அப்புறம் என்ன என்று இருந்துவிட்டேன்.

போன கோடை விடுமுறையில் அக்கா ஒட்டன்சத்திரத்திலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு பத்து நாள் தங்க வந்தாள். அக்காவை அசத்த வேண்டும் என்று, பழைய கேம் மெஷினைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு மென்பொருளை லேப்டாப்பில் போட்டு, பெரிய டிவியில் இணைத்து வைத்திருந்தேன். புதுக் கன்ட்ரோலரும் வாங்கியாயிற்று. கோட்டை திரையில் வந்ததும் அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே! முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். முதல் கட்டத்தின் மூன்றாவது பள்ளத்தில் விழுந்தாள். மறுபடியும் விழுந்தாள். பதினொரு தடவை அதே பள்ளம்.

"ஏம்மா, இதுலயா நீ கடைசி வரைக்கும் போன?" என்றாள் மகள். நான் சும்மா இருந்திருக்கலாம். வழக்கமான கேள்வியை எடுத்துவிட்டேன்.

அக்கா சிரிக்கவில்லை. கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள். "சரிடா, பொய்யின்னே வச்சுக்க. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கப் போய்விட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருடம் விளையாட்டாகக் கேட்டுக் கேட்டே, அவள் தன்னையே நம்பாதபடி செய்திருக்கிறேன்.

கன்ட்ரோலரை எடுத்து நானும் ஆடிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய பள்ளம் அது. நானும் விழுந்தேன். இரண்டு பேருடைய விரலும் ஒரே பள்ளத்திலா மறக்கும்?

முதலில் படத்தின் அளவைச் சந்தேகித்தேன். அந்த மெஷின் வரையும் படம் 256 புள்ளி அகலம், 240 வரி உயரம், அவ்வளவுதான். நான் மாட்டுவதிலேயே மலிவான காமிராவின் படம் இதைவிடப் பல மடங்கு பெரிது. அந்தத் துக்கடா படத்தைப் பெரிய டிவி பக்கவாட்டில் இழுத்து, பள்ளத்தை அகலமாக்கிக் காட்டியது. பழைய டிவியின் வடிவத்துக்கு அதைச் சுருக்கினேன். பள்ளம் சுருங்கியது, நான் விழுவது நிற்கவில்லை.

மறுநாள் காலை பரணிலிருந்து பழைய மெஷினையே இறக்கினேன். கன்ட்ரோலரில் மற்ற பொத்தான்கள் செத்து, ஸ்டார்ட் பொத்தான் ஒன்றுதான் வேலை செய்தது. புது டிவியில் மஞ்சள் வயருக்கு இடமும் இல்லை. ஆனால் என்னிடம் பழைய காமிராக்களுக்கான ரெக்கார்டர் ஒன்று சும்மா கிடந்தது. வருகிற படம் எந்த முறை என்று அதுவே கண்டுபிடித்துத் திரையின் ஓரத்தில் எழுதும். அதில் மாட்டினேன். PAL என்று எழுதியது. தலையில் அடித்துக்கொண்டேன்.

நிலக்கோட்டையில் ஒரு பூக்கடைக்குக் காமிரா மாட்டிய புதிதில், "தம்பி, மல்லிகை மேல பாம்பு பாம்பா ஓடுதுப்பா" என்று முதலாளி அலறினார். நம் ஊர் கரண்ட் வினாடிக்கு ஐம்பது கணக்கில் டியூப் லைட்டைத் துடிக்க வைக்க, ரெக்கார்டர் NTSC என்னும் அறுபது கணக்கில் இருந்ததால் படத்தில் வந்த வரிகள் அவை. அன்றிலிருந்து எந்தப் பெட்டியைத் திறந்தாலும் முதல் வேலை அதை ஐம்பதான PAL முறைக்கு மாற்றுவதுதான். ஊருக்கெல்லாம் மாற்றியவன், என் வீட்டு லேப்டாப்பில் மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். அது வினாடிக்கு அறுபது படம் காட்டிக்கொண்டிருந்தது. எங்கள் பழைய மெஷின் காட்டியதோ ஐம்பது. இந்த ஆட்டத்தில் படம் கூடினால் வேகமும் கூடும்.

சரிபார்க்க, முதல் கட்டத்தின் கடிகாரத்தை இரண்டிலும் ஓடவிட்டு மொபைலில் நேரம் பிடித்தேன். பழைய மெஷினில் நூற்றிருபது வினாடி ஓடியது, லேப்டாப்பில் நூறிலேயே முடிந்தது. லேப்டாப்பை ஐம்பதுக்கு மாற்றினேன். மூன்றாவது பள்ளத்தை என் விரல் தானாகத் தாண்டியது.

அடுப்படிக்கு ஓடினேன். "அக்கா, தப்பு ஒன் மேல இல்ல! அது வேகமா ஓடுது. நாம பழகுனது ஐம்பது, இது அறுபது!"

"அம்புட்டும் எனக்கு எதுக்குடா? இப்ப தாண்ட முடியுமா?"

"முடியும்."

"முடியும்னா, அன்னைக்கு நான் முடிச்சேன்னு ஆயிருமா?"

எந்த ரெக்கார்டரும் அதைச் சொல்லாது.

அக்கா மூன்று நாள் விடாமல் ஆடினாள். நான்காம் நாள் நான் அய்யலூரில் ஒரு ஆட்டு வியாபாரியின் கொட்டகையில் ஏணி மேல் நின்றிருந்தேன். கீழே ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. போன் அடித்தது.

"முடிச்சிட்டேன்டா" என்றாள் அக்கா. மூச்சு வாங்கியது. "கதவு தொறந்துச்சு. பாப்பா கடைக்குப் போயிருக்கா, வீட்ல யாரும் இல்ல. போட்டோ எடுக்கவும் தோணல. அதுக்குள்ள ஆட்டம் மறுபடி மொதல்ல இருந்து வந்துருச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருக்கிறாள் எனத் தெரிந்தது. கேள்வி என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

"ரெண்டு தடவையும் முடிச்சிட்டியேக்கா" என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"செத்த சீக்கிரம் வாடா. அந்தக் கடைசிப் பள்ளத்த எப்படித் தாண்டுறதுன்னு ஒனக்குச் சொல்லித் தாரேன்" என்றாள்.